மேய்ச்சல் மாட்டுக்குக் கூடுதல் தீவனம்: எது இறைச்சியை எப்படி மாற்றும்?

புல்லில் வளர்ந்த மாட்டை இறைச்சிக்கு அனுப்ப மூன்று மாதம் இருக்கும்போது ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். மேய்ச்சலிலேயே முடிப்பதா, கூடவே ஏதாவது கொடுப்பதா, கொடுத்தால் எதை? தாது உப்பு, யூரியா கட்டி, புண்ணாக்கு, தவிடு, மக்காச்சோளம், ஆளிவிதை, வைட்டமின் இ என்று பட்டியல் நீளும். எடை ஏற்றத்தை மட்டும் வைத்து இவற்றை ஒப்பிட்டால் கணக்கு தப்பும். ஒரே அளவு எடை ஏற்றும் இரண்டு தீவனங்கள், இறைச்சியின் நிறத்திலும் கொழுப்பிலும் நேர் எதிரான வேலையைச் செய்யக்கூடும். ஆகவே இங்கே ஒவ்வொன்றையும் இறைச்சியின் பக்கமிருந்து பார்க்கிறோம். அளவுகளுக்கு எல்லாம் 450 கிலோ எடையுள்ள, காயடித்த காளை ஒன்றை அடிப்படையாக எடுத்துக்கொள்வோம். அது நாளொன்றுக்குச் சுமார் 11 கிலோ உலர்பொருள் தின்னும்.

எந்தக் குறைக்காகக் கொடுக்கிறோம்?

மேய்ச்சல் மாட்டிறைச்சியைப் பற்றி வரும் புகார்கள் ஐந்தாறுக்குள் அடங்கிவிடும்: கடினமாக இருக்கிறது, தசைக்குள் கொழுப்பு இல்லாமல் வறண்டிருக்கிறது, கறி கருத்திருக்கிறது, கொழுப்பு மஞ்சளாக இருக்கிறது, கடையில் வைத்தால் சீக்கிரம் பழுப்பாகிறது, புல்வாடை அடிக்கிறது. மறுபக்கம், புல்லில் வளர்ந்த மாட்டைத் தேடி வாங்குகிறவர்கள் ஒமேகா-3 கொழுப்புக்காகவும் அந்த மஞ்சள் கொழுப்புக்காகவுமே வாங்குகிறார்கள். ஒருவருக்குக் குறை, இன்னொருவருக்கு அடையாளம். உங்களிடம் வாங்குகிறவர் எந்தப் பக்கம் என்று தெரியாமல் தீவனம் வாங்குவது வீண் செலவு. அதோடு, மேய்ச்சல் சான்றிதழோடு விற்கிறீர்கள் என்றால், தானியத்தைத் தொடுவதற்கு முன் அந்தச் சான்றிதழின் விதிகளைப் படியுங்கள். சிறிதளவு தானியம் கொடுத்தாலே தகுதி போகும் விதிகள் உண்டு. நார்த்தீவனமான சில உபபொருட்களுக்கு மட்டும் இடம் கொடுக்கும் விதிகளும் உண்டு.

முதலில் புல்

கூடுதல் தீவனம் என்பது புல்லில் இல்லாததைக் கொடுப்பது. புல்லில் இருப்பதையே மறுபடி கொடுத்தால் மாடு புல்லைக் குறைத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

உலர்பொருள் கணக்கில் புல்லின் புரதம் 7 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால், ருமென் என்கிற முதல் வயிற்றில் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்களுக்கு நைட்ரஜன் போதாது. நார் செரியாமல் தங்கும், வயிறு நிரம்பியே இருக்கும், மாடு மேய்வதை நிறுத்தும். கண்முன்னே காய்ந்த புல் நிறைய இருந்தும் மாடு இளைப்பது இதனால்தான். சாணம் கெட்டியாகி அடுக்கடுக்காக விழுவது இதன் வெளி அடையாளம்.

ஆய்வுக்கூடத்தில் புல்லைச் சோதித்தால் இரண்டு எண்களைக் கேளுங்கள்: மொத்தச் செரிமானச் சத்து, கச்சாப் புரதம். முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். 7-க்கு மேல் வந்தால் புரதம் குறை. காய்ந்த புல் ஒன்றில் 50-ம் 5-ம் இருந்தால் விடை 10, அங்கே புரதம்தான் மருந்து. இளம் பசும்புல்லில் 65-ம் 16-ம் இருந்தால் விடை 4. அங்கே புரதம் மிஞ்சிக் கிடக்கிறது, வேண்டியது எரிசக்தி. இந்த ஒரு வகுத்தல் கணக்கு பல தவறான கொள்முதல்களைத் தடுக்கும். மாதிரிக்குப் புல்லை அடியோடு அறுக்காதீர்கள். மாடு எந்த உயரம் வரை, எந்த இலையைக் கடிக்கிறதோ அதையே கையால் கிள்ளி எடுங்கள்.

தாது உப்பு மட்டும்

மிகக் குறைந்த செலவு, இறைச்சியில் மிகக் குறைந்த மாற்றம். மண்ணில் செலினியமோ தாமிரமோ துத்தநாகமோ குறைவாக இருந்தால் பலன் உண்டு, இல்லையென்றால் இறைச்சியில் எதுவும் தெரியாது. மொத்த உணவின் உலர்பொருளில் கிலோவுக்குச் செலினியம் 0.1 மில்லிகிராம், தாமிரம் 10, துத்தநாகம் 30 என்பது இறைச்சி மாட்டின் தேவை. செலினியம் தசையின் ஆக்ஸிஜனேற்றத் தடுப்புக்கு வேண்டும். ஆனால் தேவைக்கும் நச்சுக்கும் இடைவெளி குறுகியது. "கொஞ்சம் கூடப் போட்டால் நல்லது" என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. தண்ணீரிலோ தீவனத்திலோ கந்தகமும் மாலிப்டினமும் அதிகமாக இருந்தால் தாமிரம் போதிய அளவில் கொடுத்தும் உடலில் சேராது. அப்போது தாமிரத்தைக் கூட்டுவதற்கு முன் தண்ணீரைச் சோதியுங்கள்.

தலைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 கிராம் கலவை போதும். இதை எல்லா வழிகளுக்கும் அடித்தளமாக வைத்துக்கொள்ளுங்கள், தனி வழியாக எண்ண வேண்டாம்.

புரதம்: புண்ணாக்கும் யூரியா கட்டியும்

காய்ந்த புல்லில் இதைப் போலப் பலன் தருவது வேறில்லை. உடல் எடையில் 0.1 முதல் 0.3 சதவீதம், அதாவது நம் காளைக்கு அரை கிலோ முதல் ஒன்றேகால் கிலோ புண்ணாக்கு கொடுத்தால், மாடு மேயும் புல்லின் அளவே உயரும். தினமும் கொடுக்கத் தேவையில்லை. வாரத்துக்கு வேண்டியதை இரண்டு மூன்று தவணையாகக் கொடுத்தாலும் மாடு நைட்ரஜனை உமிழ்நீர் வழியாகத் திரும்பச் சுழற்றிப் பயன்படுத்திக்கொள்ளும்.

இறைச்சியில் இதன் விளைவு நேரடியானதல்ல, வயது வழியாக வருவது. வறட்சியில் எடை இழந்து, மழையில் திரும்ப ஏற்றி, மறுபடி இழக்கும் மாடு விற்பனை எடையைத் தொட 30 மாதமும் தாண்டும். வயது ஏற ஏறத் தசையைச் சூழ்ந்த கொலாஜன் இழைகளுக்கிடையே வெப்பத்துக்கு இளகாத இணைப்புகள் உருவாகின்றன. எவ்வளவு வேகவைத்தாலும் அந்தக் கடினம் முழுதாகப் போகாது. வறட்சியில் எடை இழக்காமல் காப்பதே அந்த மாட்டின் மென்மைக்குச் செய்யும் பெரிய உதவி. பசும்புல்லில் இதே புண்ணாக்கைக் கொடுத்தால் மிச்ச அம்மோனியாவை யூரியாவாக்கி வெளியேற்ற மாடு எரிசக்தியைத்தான் செலவழிக்கும்.

யூரியா மலிவு. ஒரு கிலோ யூரியா, நைட்ரஜன் கணக்கில் சுமார் 2.8 கிலோ புரதத்துக்குச் சமம். ஆனால் கூடவே சீக்கிரம் நொதிக்கும் சர்க்கரை வேண்டும், அதற்குத்தான் வெல்லப்பாகு. கந்தகமும் வேண்டும்: நைட்ரஜன் 10 முதல் 12 பங்குக்குக் கந்தகம் ஒரு பங்கு. பழகிய மாட்டுக்கு 100 கிலோ உடல் எடைக்கு 20 முதல் 25 கிராம் என்பது எல்லை, நம் காளைக்குச் சுமார் 100 கிராம். பழகாத மாட்டுக்கோ பட்டினி கிடந்த மாட்டுக்கோ 100 கிலோவுக்கு 30 கிராமே ஆபத்தாகலாம். இரண்டு மூன்று வாரம் ஏற்றிக்கொண்டே போக வேண்டும், இடையில் சில நாள் நின்றுபோனால் மறுபடி முதலிலிருந்து.

கட்டியால் நடக்கும் சாவுகள் பெரும்பாலும் மழையால் நடப்பவை. மாடு நக்கி நக்கிக் கட்டியின் நடுவில் குழி விழும், அதில் மழைநீர் தேங்கி யூரியா கரையும், முதலில் வரும் மாடு அதைக் குடித்துவிடும். கட்டியைக் கூரைக்குக் கீழே, அடியில் துளை போட்ட தொட்டியில் வையுங்கள். நடுக்கம், வயிறு உப்பல், நுரை தள்ளுதல் தெரிந்தால் கால்நடை மருத்துவருக்குச் சொல்லிவிட்டு, அவர் வரும்வரை மாடு விழுங்கும் நிலையில் இருந்தால் மட்டும் குளிர்ந்த தண்ணீரோடு சில லிட்டர் வினிகர் புகட்டலாம். நேரம் நிமிடக் கணக்கில்தான் இருக்கும்.

தானியம்

மக்காச்சோளம், பார்லி, சோளம். தசையூடு கொழுப்பு வேண்டும் என்று வாங்குகிறவர் கேட்டால் இதுதான் உறுதியான வழி. மாவுச்சத்து ருமெனில் நொதித்து புரோப்பியோனேட் என்ற சிறு கொழுப்பமிலமாகி, கல்லீரலில் குளுக்கோஸாகிறது. தோலடிக் கொழுப்பு, நார் நொதித்து வரும் அசெட்டேட்டை அதிகம் பயன்படுத்த, தசைக்குள் படியும் கொழுப்பு குளுக்கோஸை அதிகம் நாடுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அதோடு, உடலில் கொழுப்பு சேரும் வரிசையில் தசையூடு கொழுப்பு கடைசியில் முழுமை பெறுவது. எரிசக்தி மிஞ்சினால்தான் அங்கே போய்ச் சேரும்.

இங்கே ஒரு நேர்மையான எச்சரிக்கை. உடல் எடையில் அரை சதவீதம், அதாவது 2.25 கிலோ தானியம் 60 நாள் கொடுத்துவிட்டுத் தசையூடு கொழுப்பை எதிர்பார்த்தால் ஏமாற்றமே. கண்ணுக்குத் தெரியும் மாற்றம் வேண்டுமென்றால் ஒரு சதவீதத்துக்குப் பக்கத்தில், 4.5 கிலோ வரை, 100 நாளுக்கு மேல் போக வேண்டும். அந்த அளவில் அது மேய்ச்சல் மாடு என்ற குணத்தைப் பாதி இழந்துவிடும். கொழுப்பு வெளுக்கத் தொடங்கும். ஒமேகா-6-க்கும் ஒமேகா-3-க்கும் உள்ள விகிதம் புல்லில் முடித்த மாட்டில் பெரும்பாலும் 3-க்குள் இருக்கும், தானியத்தில் நெடுநாள் முடித்த மாட்டில் 6, 7-ஐத் தாண்டும். இடையில் எவ்வளவு நாள் தானியமோ அவ்வளவு நகர்வு. பல மாத மேய்ச்சலில் சேர்ந்ததை மூன்று மாதத் தானியம் கரைத்துவிடும் என்பதை அந்த அடையாளத்தை விற்கிறவர்கள் கவனிக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல், பதிலீடு. நல்ல பசும்புல்லில் ஒரு கிலோ தானியம் கொடுத்தால் மாடு அரை கிலோவுக்கும் மேல் புல்லைக் குறைப்பது சாதாரணம். மாவுச்சத்து ருமெனின் அமிலத்தைக் கூட்டுகிறது. அமிலத்தை அளக்கும் பிஎச் எண் (அமிலம் கூடக் கூட இது இறங்கும்) 6.2-க்குக் கீழே போனால் நார் செரிக்கும் நுண்ணுயிர்கள் தளர்கின்றன, 5.6-க்குக் கீழே அமில நோய் தொடங்குகிறது. புல் குறைவாக இருந்து, இருப்பதை நீட்டிக்க வேண்டுமென்றால் பதிலீடு நன்மையே. புல் நிறைய இருக்கும்போது அது நஷ்டம்.

கொடுக்கும் முறையில்தான் பாதி வெற்றி இருக்கிறது. நாளொன்றுக்கு அரை கிலோவில் தொடங்கி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கால் கிலோ ஏற்றுங்கள். அரை சதவீத அளவைத் தொடவே இரண்டு மூன்று வாரம் ஆகும், 4.5 கிலோ வரை போவதென்றால் ஆறு வாரம். அந்த நாட்களையும் உங்கள் கணக்கில் சேருங்கள். மாவாக அரைக்காதீர்கள், இரண்டு மூன்றாக உடைத்தால் போதும். காலையில் கொடுத்தால் மாடு தன் முக்கியமான மேய்ச்சல் நேரத்தைத் தொட்டிக்கருகில் காத்திருந்து கழிக்கும், நண்பகல் ஏற்றது. ஒரு நாள் விட்டு மறுநாள் இரட்டிப்பாகக் கொடுக்கும் பழக்கம் புரதத்துக்குச் சரி, தானியத்துக்கு ஆபத்து. தொட்டி தலைக்கு 60 முதல் 75 செ.மீ. நீளம் இருக்கட்டும். இடம் போதாவிட்டால் முரட்டு மாடு அடுத்ததன் பங்கையும் தின்று அமில நோயில் விழும், சாது மாடு மெலிந்தே போகும், கடைசியில் ஒரே மந்தையிலிருந்து பத்து விதமான இறைச்சி வரும்.

நார் மிகுந்த எரிசக்தி: தவிடு, சோயாத் தோல், பீட் சக்கை

பெரும்பாலானவர்களுக்கு இதையே பரிந்துரைப்போம். சோயாத் தோலிலும், சர்க்கரை எடுத்த பின் மிஞ்சும் பீட் கிழங்குச் சக்கையிலும் மாவுச்சத்து மிகக் குறைவு, ஆனால் நார் எளிதில் செரிப்பது. எரிசக்தி கிடைக்கிறது, ருமென் புளிப்பதில்லை, புல் செரிமானம் கெடுவதில்லை. கோதுமைத் தவிட்டில் மாவுச்சத்து சிறிதளவு உண்டு, ஆனாலும் தானியத்தை விடப் பாதுகாப்பானது. தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் சொற்பம். ஒரு கிலோ தவிட்டுக்கு 20 முதல் 25 கிராம் சுண்ணாம்புக்கல் தூள் சேர்க்காவிட்டால் காயடித்த காளைகளுக்குச் சிறுநீர்க் கல் வரலாம்.

அளவு: உடல் எடையில் 0.5 முதல் 0.7 சதவீதம், கடைசி 90 நாள். நம் காளைக்கு 2.7 கிலோ என்று வைத்தால் மொத்தம் 243 கிலோ. பசும்புல்லில் 7 முதல் 10 கிலோ தீவனத்துக்கு ஒரு கிலோ கூடுதல் எடை என்று கணக்கிட்டால் 24 முதல் 35 கிலோ ஏறும். எடைக்காக மட்டும் என்றால் பல நேரம் கட்டுப்படியாகாது. இறைச்சியில் கிடைப்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும், அது இரண்டு.

ஒன்று, தோலடிக் கொழுப்பு. உரித்த உடலைக் குளிரறையில் ஏற்றியதும், தசையின் பிஎச் 6-க்குக் கீழே இறங்குவதற்கு முன் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போனால் தசை சுருங்கி இறுகிவிடும். எவ்வளவு நாள் பதப்படுத்தினாலும் அந்த இறுக்கம் சரிவரத் தளராது. மெலிந்த மேய்ச்சல் மாட்டுக்குக் கொழுப்புப் போர்வை இல்லாததால் இது சீக்கிரம் நடக்கிறது. 12-ஆம் விலாவில் 5, 6 மி.மீ. கொழுப்பு இருந்தால் குளிர் மெல்லத்தான் உள்ளே போகும். புல்லால் கறி கடினமாகிறது என்று பழி சுமத்தப்படும் பல உடல்களைக் கெடுத்தது உண்மையில் குளிரறை. கொழுப்பு ஏற வழியில்லையென்றால், குளிரூட்டலை மெதுவாக்கச் சொல்லி இறைச்சிக்கூடத்தாரிடம் பேசுவது எந்தத் தீவனத்தையும் விட மலிவு.

இரண்டு, கிளைகோஜன். உயிரோடிருக்கும் தசையில் சேமித்த இந்தச் சர்க்கரைதான் வெட்டுக்குப் பின் லாக்டிக் அமிலமாகி பிஎச்-ஐ 5.4 முதல் 5.7 வரை இறக்குகிறது. சேமிப்பு குறைவாக இருந்தால் பிஎச் 5.8-க்கு மேலேயே நிற்கும், கறி கருத்துத் தோன்றும், நீரைப் பிடித்துக்கொண்டு பிசுபிசுக்கும், வெற்றிடப் பொதியில் சீக்கிரம் கெடும். காய்ந்த புல்லில் இருக்கும் மாட்டிடம் இருப்பே குறைவு, லாரி ஏற்றும் பதற்றத்தில் அதுவும் கரையும். வெட்டுக்கு முன் மூன்று நான்கு வாரம் எரிசக்தித் தீவனம் கொடுத்தால் இருப்பு உயரும். 90 நாள் செலவு முடியாதவர்கள் இந்தக் கடைசி மூன்று வாரத்தையாவது விடக் கூடாது.

புல்வாடைக்கும் இது ஓரளவு உதவும். புரதம் மிஞ்சிய பசும்புல்லில் ருமென் நுண்ணுயிர்கள் புரதத்திலுள்ள டிரிப்டோஃபனை ஸ்கட்டோல் என்ற வாடைப்பொருளாக மாற்றுகின்றன, அது கொழுப்பில் தங்குகிறது. எரிசக்தி கூடினால் நுண்ணுயிர்கள் அந்தப் புரதத்தைத் தங்கள் வளர்ச்சிக்கே எடுத்துக்கொள்ளும்.

எண்ணெய் வித்துகளும் ஆலைச் சக்கையும்

ஆளிவிதை ஒமேகா-3-க்காகக் கொடுப்பது. அதன் எண்ணெயில் பாதிக்கு மேல் ஆல்பா லினோலெனிக் அமிலம் என்ற ஒமேகா-3 கொழுப்பு. ஆனால் ருமென் அதில் பெரும்பகுதியை ஹைட்ரஜனேற்றி நிறைகொழுப்பாக்கிவிடும், மிச்சம்தான் தசைக்குப் போகும். முழு விதையாகக் கொடுத்தால் கெட்டித் தோலோடு சாணத்தில் வெளியேறும். நசுக்கிக் கொடுங்கள், நசுக்கியதை ஓரிரு நாளில் தீர்த்துவிடுங்கள், இல்லையென்றால் சிக்கெடுக்கும்.

அளவுக்கு ஒரு கணக்கு. மொத்த உணவில் கொழுப்பு 6 சதவீதத்தைத் தாண்டினால் நார் செரிமானம் குலையும். 11 கிலோவில் அது 660 கிராம். புல்லிலேயே 3 சதவீதம் என்றால் 330 கிராம் வந்துவிடுகிறது. மிச்சம் 330 கிராம் எண்ணெய், 40 சதவீத எண்ணெயுள்ள விதையில் அது 800 கிராம் சொச்சம். நாங்கள் 600 கிராமோடு நிறுத்தச் சொல்வோம். பசும்புல் இருக்கும்போது ஆளிவிதைக்குச் செலவழிப்பது தேவையற்றது, புல்லே அந்த வேலையைச் செய்கிறது. காய்ந்த காலத்தில் ஒமேகா-3 அடையாளத்தைக் காப்பாற்ற வேண்டியவர்களுக்கே இது. எப்படிக் கொடுத்தாலும் மாட்டிறைச்சியின் ஒமேகா-3 மீனோடு ஒப்பிடச் சிறிய அளவுதான். வாங்குகிறவரிடம் அதை மருந்து போலச் சொல்வது நியாயமில்லை.

பருத்திக்கொட்டை கொழுப்பைக் கெட்டியாக்கும். அதிலுள்ள சைக்ளோபுரோப்பீன் கொழுப்பமிலங்கள், நிறைகொழுப்பை ஒலியிக் அமிலமாக்கும் நொதியைத் தடுக்கின்றன. வாயில் ஒட்டும் கொழுப்பு அதனால் வருவது. காசிபால் நச்சும் உண்டு, நாளுக்கு ஒன்றரை கிலோவைத் தாண்ட வேண்டாம்.

எத்தனால் ஆலையில் மிஞ்சும் உலர் சக்கை, டிடிஜிஎஸ், புரதமும் எரிசக்தியும் சேர்ந்த நல்ல தீவனம். குறை இரண்டு. அதன் எண்ணெயிலுள்ள லினோலெயிக் அமிலம் தசையில் சேர்ந்து, கடையில் வைத்த கறியைச் சீக்கிரம் பழுப்பாக்கும். கந்தகமும் அதிகம். தண்ணீரையும் சேர்த்து மொத்தக் கந்தகம் உலர்பொருளில் 0.4 சதவீதத்தைத் தாண்டினால் மூளை மென்மையாகும் நோய் வரக்கூடும்.

வைட்டமின் இ

இதன் வேலை ஒன்றே: வெட்டிய கறியின் சிவப்பை நீட்டிப்பது. ஒரு கிலோ தசையில் ஆல்பா டோக்கோஃபெரால், அதாவது உடலில் தங்கும் வைட்டமின் இ, 3 முதல் 3.5 மில்லிகிராம் இருந்தால் நிறம் பழுப்பாவதும் கொழுப்பு சிக்கெடுப்பதும் தள்ளிப்போகும். பசும்புல்லில் மாதக்கணக்கில் மேய்ந்த மாடு இந்த அளவைத் தானே எட்டியிருக்கும். அதற்கு மேல் கொடுப்பது பணத்தைச் சாணமாக்குவது. காய்ந்த புல், பழைய வைக்கோல், அல்லது தானியம் அதிகமாகக் கொடுத்த மந்தை என்றால் நாளுக்கு 500 சர்வதேச அலகு, சுமார் 100 நாள். கடைசி வாரத்தில் அள்ளிக் கொடுத்தால் தசையில் சேர நேரமிருக்காது. 50 சதவீதத் தூளாக வாங்கினால் தலைக்கு ஒரு கிராம். இவ்வளவு சிறியதை நேரே தீவனத்தில் தூவினால் ஒரு மாட்டுக்கு ஐந்து கிராமும் மற்றொன்றுக்கு ஒன்றுமில்லாமலும் போகும். 20 மாட்டுக்கான 20 கிராமை முதலில் 2 கிலோ தவிட்டில் பிசறி, பிறகு முழுத் தீவனத்தில் கலக்குங்கள்.

ஆக, எதை எடுப்பது?

பசும்புல் போதுமான அளவு, வாங்குகிறவர் புல் அடையாளத்தைக் கேட்கிறார்: தாது உப்பும், விதி அனுமதித்தால் கடைசி மூன்று வாரம் சோயாத் தோலும். வேறொன்றும் வாங்க வேண்டாம். பசும்புல் உண்டு, ஆனால் கறி கடினம், கருமை என்று திரும்பத் திரும்பப் புகார்: 90 நாள் நார்த்தீவனம். காய்ந்த புல்: முதலில் புரதம், மாடு நன்றாக மேயத் தொடங்கிய பிறகே எரிசக்தி, அதோடு வைட்டமின் இ. இந்த வரிசையை மாற்றி, 5 சதவீதப் புரதமுள்ள காய்ந்த புல்லின் மேல் நேரே மக்காச்சோளத்தைக் கொட்டுவது நாங்கள் அடிக்கடி பார்க்கும் தவறு. இருக்கிற சொற்ப நைட்ரஜனையும் மாவுச்சத்து நுண்ணுயிர்கள் பறித்துக்கொள்ள, புல் செரிமானம் இன்னும் விழுகிறது. வாங்குகிறவர் தசையூடு கொழுப்புக்குத் தனி விலை தருகிறார் என்றால் தானியம், ஆனால் 100 நாளுக்குக் குறையாமல்.

முதல் தொகுதி மாடுகளை அனுப்பும்போது இறைச்சிக்கூடத்தில் மூன்று எண்களைக் கேட்டு வாங்குங்கள்: 12-ஆம் விலாக் கொழுப்பின் கனம், 24 மணி நேரத்துக்குப் பிந்தைய பிஎச், மாட்டின் வயது. பிஎச் உயர்ந்திருந்து கொழுப்பு சரியாக இருந்தால் குற்றம் தீவனத்தில் இல்லை, கடைசி இரண்டு நாளில் இருக்கிறது. அந்த இரண்டு நாளில் பழகாத மாடுகளை ஒன்றாகக் கலக்காதீர்கள், முட்டி மோதியே கிளைகோஜனைத் தீர்த்துவிடும். மாட்டின் தசையில் அது திரும்ப நிரம்பப் பல நாள் ஆகும், கூடத்தில் ஓரிரவு ஓய்வு போதாது. ஏற்றும் நாள் வரை தீவனத்தை நிறுத்தாமல், தண்ணீரைக் கடைசி நிமிடம் வரை கண்ணெதிரே வைத்து, ஒரே மந்தையாகவே வண்டியேற்றுங்கள்.